திரும்பி வரச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பாப்பா இப்போது நன்றாக இருக்கிறாள். பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள், ராத்திரியில் தூங்கவிடாமல் பழையபடி கத்துகிறாள். கொருக்குப்பேட்டையில் தெருவில் இறங்கினாலே யாராவது நிறுத்தி "குழந்தைக்கு எப்படி இருக்கு"ன்னு கேட்கிறீர்கள். அந்த ஓட்டத்தில் யாருக்கும் ஒழுங்காக ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். வைத்தியம் பார்த்தவர்களுக்கு நன்றி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் முதலில் கும்பிட நினைப்பது, எப்போது திரும்பத் தூக்கிக்கொண்டு வரணும்னு சொல்லிக்கொடுத்தவர்களையும், அப்படி வந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்தவர்களையும்தான்.

சளி பிடித்த ஆரம்பத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். பாப்பாவுக்கு அப்போது நாலு மாதம். பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். நுரையீரலுக்குள் போகும் ரொம்பச் சின்னக் குழாய்கள் வீங்கி, சளி அடைத்துக்கொள்வது. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸால் வருகிறது, வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பால் குடிக்கிறாள், ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். எனக்கு உடனே எழுந்து வர மனசில்லை. அங்கே இருந்த சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அவ்வளவு கூட்டத்திலும் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பாப்பாவின் சட்டையைத் தூக்கி, "வயிறு ஏறி இறங்குது பாரும்மா, இதை எண்ணு"ன்னு என் போனிலேயே ஒரு நிமிஷம் வைத்து என்னையே எண்ண வைத்தார். அழும்போது எண்ணக் கூடாது, பால் குடிக்கும்போதும் கூடாது, சும்மா இருக்கும்போதோ தூங்கும்போதோ முழு நிமிஷம் எண்ணணும். குழந்தைகள் கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் மாற்றி மாற்றி மூச்சு விடுவார்கள், அதனால் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பிவிடும். ரெண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. ரெண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த எண் 60.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். இந்த நோய் பொதுவாக மூணாம் நாளிலிருந்து அஞ்சாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும், இன்றைக்கு நன்றாக இருக்கிறாள் என்பதால் நாளைக்கும் அப்படியே இருப்பாள் என்று இல்லை, அதனால் "வீட்டுக்குப் போங்கன்னு சொன்னா திரும்ப வராதீங்கன்னு அர்த்தம் இல்லம்மா" என்றார். எதைப் பார்க்கணும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சீட்டுக்குப் பின்னாடி தமிழில் எழுதியும் கொடுத்தார். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், மூக்கு விரிந்து விரிந்து மூடினால், மூச்சுவிடும்போது முனகல் மாதிரி சத்தம் வந்தால், வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டால், ஆறேழு மணி நேரமாக மூத்திரமே போகாவிட்டால், தட்டி எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால், கிளம்பி வந்துவிட வேண்டும். உதடோ நாக்கோ நீலமாகப் போனால், மூச்சு நின்று நின்று வந்தால், எழும்பூர் வரைக்கும் வரணும்னு நினைக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடணும், பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகணும். இதைச் சொல்லும்போது சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூணு மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலே, வேறு எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும் என்று பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடமும் சொன்னார். சிஸ்டர், உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டு இன்னும் எங்கள் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது.

வீட்டில் இருந்தவர்களுக்கும் சொல்லியாகணும். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், குழந்தைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. புகை ஆகாது என்று சிஸ்டர் சொன்னதும் அன்றைக்கே சாம்பிராணித் தட்டை எடுத்து மேலே வைத்துவிட்டார். கொசுவத்தியும் போச்சு, வலைதான். மாமா பீடி குடிக்கத் தெருமுனைக்குப் போய், வந்து சட்டை மாற்றிக்கொண்டுதான் பாப்பா பக்கத்தில் வந்தார். தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் அக்கறையோடுதான் சொன்னார்கள், அவர்களிடம் அத்தை சண்டை எதுவும் போடாமல் "முதல்ல ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னது, மத்தது அப்புறம்"னு முடித்துவிட்டார். கீழ் வீட்டு பாய் குடும்பம் குழந்தைக்காக ஓதியது, நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டது, இதெல்லாம் ஒரு பக்கம் நடந்தது. மூச்சு எண்ணுவதும் நடந்தது.

மெடிக்கல் கடை அண்ணாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இருமல் தாங்காமல் என் கணவர் போய் ஏதாவது சிரப் கேட்டபோது, "ரெண்டு வயசுக்குள்ள குழந்தைக்கு இருமல் மருந்து நான் தரமாட்டேன் தம்பி"ன்னு சொல்லிவிட்டார். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தது நம் எல்லாருக்கும் தெரியும், அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் பக்கத்தில் தயாரானது. ரெண்டு வயதுக்குள் இருமல் சளி மருந்தே கொடுக்க வேண்டாம் என்று அப்போது மத்திய அரசும் அறிவுறுத்தியது. அண்ணா அதற்குப் பதிலாக மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைக் கொடுத்து, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னாடி விடச் சொன்னார். மூக்கு அடைத்திருந்தால் குழந்தையால் குடிக்கவே முடியாதே. விற்றுவிட்டுப் போயிருக்கலாம், அவர் விற்கவில்லை.

அந்த ராத்திரியைப் பற்றி. காய்ச்சல் இல்லை, இருமல்கூட முன்பைவிடக் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பாப்பா மார்பில் வாய் வைப்பாள், ரெண்டு வாய் இழுப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். சாயங்காலத்திலிருந்து துணி நனையவே இல்லை. என் கணவர் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டில் இருந்தார். நான் சட்டையைத் தூக்கி எண்ணினேன், 60-ஐ ஒட்டி வந்தது, அத்தை கையில் போனைக் கொடுத்துத் திரும்ப எண்ணினோம், அதேதான். "அள்ளை ரெண்டும் உள்ள போகுதும்மா"ன்னு அத்தை சொன்னார். மேல் வீட்டு அக்கா விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரைக் கொண்டு வந்தார். அது பெரியவர்களுக்கானது, கைக்குழந்தை விரலில் சரியாகக் காட்டாது என்று சிஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் அதை நம்பிக் காத்திருக்கவில்லை. அக்கா, நீங்கள் அந்த நேரத்தில் எழுந்து மாடி இறங்கி வந்ததே எங்களுக்குப் பெரிய தெம்பு. அக்காதான் 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். எதிர்முனையில் பேசிய பெண் பால், மூத்திரம், விலா, உதடு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "காலைல வரைக்கும் பார்க்க வேண்டாம்மா, இப்பவே கிளம்புங்க" என்றார். ஏற்கெனவே எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ராத்திரி ஒரு மணிக்கு அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது கால் தானாக நகர்ந்தது.

ஆட்டோ அண்ணாவைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் பக்கம் ரயில்வே கேட் போட்டால் எப்போது திறப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, சரக்கு ரயில் வந்து நின்றால் நின்றதுதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் ராத்திரி வண்டியைத் தன் வீட்டு வாசலில் விடாமல் கேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கும் கேட் போட்டிருந்தது. பாப்பாவைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தோம், ரயில் போனதும் சின்ன வழியாக நடந்து கடந்து போய் வண்டியில் ஏறினோம். மின்ட் வந்ததும் "ஸ்டான்லியா எழும்பூராம்மா"ன்னு கேட்டார். உதடு சிவப்பாகத்தான் இருக்கு, முழிச்சுப் பார்க்கிறாள் என்று அத்தை சொன்னதும் வால்டாக்ஸ் ரோடு பிடித்து எழும்பூருக்கே விட்டார். காசு வாங்க இன்றுவரை மறுக்கிறார்.

கேஷுவால்டியில் யாரும் "முந்தாநாள்தானே வந்தீங்க"ன்னு கேட்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்த உடனே உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு வாங்கும்போது வாயால் கொடுத்தால் புரையேறும் என்று மூக்கு வழியாகச் சின்ன ட்யூப் போட்டு, நான் பீய்ச்சிக் கொடுத்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் எண்ணூரிலிருந்து வந்திருந்த ஒரு ஆயா, தன் பேரனையும் பார்த்துக்கொண்டு, என்னைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்துவிட்டு எங்கள் பாப்பாவின் ட்யூபையும் கண் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஆயா, உங்கள் பேரன் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு தடவை திரும்பப் போனோம். மூச்சில் கர்கர் என்று சத்தம், ஒரு வேளை பால் சரியாகக் குடிக்கவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. போனால் ஒன்றும் இல்லை, மூக்கடைப்புதான். வேறு ஒரு கிளினிக்கில், எது என்று சொல்ல விரும்பவில்லை, இப்படிப் போனபோது "சும்மா சும்மா ஏன் தூக்கிட்டு வர்றீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு தரம் பேச்சு வாங்கியவள் அடுத்த தரம் கிளம்ப எவ்வளவு யோசிப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். எழும்பூரில் அன்றைக்கு இருந்த பயிற்சி டாக்டரம்மா, பார்த்தால் இருபத்தஞ்சு வயதுகூட இருக்காது, பாப்பா என்னிடம் பால் குடித்து முடிக்கிற வரைக்கும் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். முடிந்ததும், "நல்லா குடிக்கிறா, நீங்க வந்தது சரிதான், இருமல் ரெண்டு மூணு வாரம் இருக்கும், அதுக்குப் பயப்படாதீங்க, ஆனா மறுபடி சந்தேகம் வந்தா நேரம் காலம் பார்க்காம வாங்க" என்றார். டாக்டரம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீடு தேடி வந்து எடை பார்த்து, அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம் என்று அட்டையில் குறித்துக் கொடுத்தார். என் கணவருடைய சூப்பர்வைசர் கேட்ட உடனே லீவு கொடுத்தார். இட்லி கொண்டு வந்தவர்கள், தண்ணி பிடித்து வைத்தவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றவர்கள் என்று இன்னும் நிறைய பேர் இருக்கிறீர்கள். யாரையாவது விட்டிருந்தால் கோவித்துக்கொள்ளாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம். சளி இருமல் இருப்பவர்கள் மட்டும் சரியான பிறகு வாருங்கள்.