டிரங்குப் பெட்டியில் ஒரு தபால் அட்டை

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே கார் நடவு முடிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை.

போன வாரம் ஆச்சியின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். பழைய சேலை மடிப்புக்குள் ஒரு தபால் அட்டை. 1941-இல் மலாயாவிலிருந்து ஆச்சியின் அண்ணன் எழுதியது. ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. 'மருமகளுக்குக் காது குத்த அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன்' என்ற வரி மட்டும் மங்காமல் இருக்கிறது. மருமகள் என்றது என் அம்மாவை. பணமும் வரவில்லை, அவரும் வரவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவரை, போர்க்காலத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்று, கூடப் போய்த் தப்பி வந்த வீரவநல்லூர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். காலரா கண்டவர்களைத் தனிக் கொட்டகையில் போட்டார்களாம். அதற்குள் போனவர் திரும்பவில்லையாம்.

415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்தப் பாதை வேலையில் இறந்த கிட்டத்தட்ட ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறார்கள். அந்த மரியாதை அவர்களுக்கு உரியதே. பிரிட்டிஷ் அரசு 2000-இல், ஜப்பானியர் முகாம்களில் அடைபட்டிருந்த போர்க்கைதிகளுக்கும் படையில் சேராத குடிமக்களுக்கும், அவர்கள் இல்லாவிட்டால் மனைவிக்கோ கணவருக்கோ, தலைக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுப்பதாக அறிவித்தது. ஆஸ்திரேலியா 2001-இல் 25,000 டாலர் கொடுத்தது. அரை நூற்றாண்டு தாமதமானாலும் நல்ல காரியம்தான்.

ஆனால் குடிமக்களுக்கு ஒரு விதி வைத்தார்கள், சங்கரா: அவரோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டுமாம். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து, பிரிட்டிஷ் மலாயாவில் வெள்ளைக்காரர் தோட்டத்தில் உழைத்தவருக்கு இந்தக் கணக்கில் இடம் ஏது? கூலியாகப் போனவர் என்பதால் கைதிப் பட்டியலிலும் சேரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. பணத்துக்காக இல்லை. அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு. அதில் நம் தமிழர்கள் எத்தனை பேர் என்பதற்குக்கூட முழுப் பதிவேடு கிடையாது.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிறேன். இறந்த திதி தெரியாததால் அவருக்கு அன்றுதான் எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். முடிந்தால் முந்தின நாளே வந்துவிடு, சேர்ந்து போகலாம். அட்டையை உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீ பார்க்க வேண்டும்.

அன்புடன்,
முருகன்