லேசான அணு கொடுக்கும் அடி

அன்புள்ள சேது,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. மகனுக்கு வரன் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே வீட்டில் அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவது என் டியூட்டி. அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

சரி, நீ கடைசிப் பக்கத்தில் கேட்டதற்கு வருகிறேன். ஹைட்ரஜன் அணுவின் எடை 1, கார்பன் டை ஆக்சைடு 44, மோதி என்னடா ஆகப்போகிறது என்கிறாய். இரண்டையும் கெட்டியான உருண்டைகளாக வைத்து நாம் படித்த மோதல் கணக்குப்படி உன் பக்கம் நியாயம் இருக்கிறது. நேருக்கு நேர் மோதினாலும் ஹைட்ரஜன் தன் ஆற்றலில் 8.7 சதவீதத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அடி வாங்குவது எடை 4 உள்ள ஹீலியமாக இருந்தால் 64 சதவீதம் வரை போகும். ஆனால் அந்தக் கணக்கு உள்ளே எந்த அசைவும் இல்லாத உருண்டைக்கானது. மூலக்கூறு நீளும், வளையும், சுழலும். உந்தத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்: 45-இல் 44 பங்கு ஆற்றல் அந்த உள் அசைவுகளுக்குப் போகத் தடையே இல்லை. எவ்வளவு நிஜமாகப் போகிறது என்பதுதான் கேள்வி.

1980களில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஃபிளின்னும் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்து ரால்ஃப் வெஸ்டனும் இதைத்தான் அளந்தார்கள். வேகமான ஹைட்ரஜனுக்கு எங்கே போவது? ஹைட்ரஜன் அயோடைடை எடுத்துக்கொள். 248 நானோமீட்டர் புற ஊதா லேசர் அதை உடைக்கும். அயோடின் 127 மடங்கு கனம் என்பதால் உடைத்தது போக மிச்ச ஆற்றல் கிட்டத்தட்ட முழுக்க ஹைட்ரஜனுக்கே. அயோடின் தன் எலக்ட்ரான்களில் ஆற்றலை வைத்துக்கொள்ளாமல் பிரிந்தால் ஹைட்ரஜனுக்கு 1.9 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவு ஆற்றலுக்கான அலகு), அதாவது விநாடிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகம். இந்த அணுக்கள் கார்பன் டை ஆக்சைடில் பாய்கின்றன. எந்த மூலக்கூறு எந்த அதிர்வுக்கு ஏறியது என்பதை அகச்சிவப்பு டையோடு லேசர் காட்டிக்கொடுக்கும். மைக்ரோவிநாடி அளவிலேயே பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் மூலக்கூறுகள் தங்களுக்குள் முட்டிக்கொண்டு தடயத்தை அழித்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த வேகத்தில் ஹைட்ரஜன் 3 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் மூன்று பங்கு) தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 16 ஃபெம்டோவிநாடி. விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோவிநாடி. கார்பன் டை ஆக்சைடின் சமச்சீரற்ற நீட்சி, அதாவது ஒரு பக்கப் பிணைப்பு நீளும்போது மறுபக்கம் சுருங்கும் அதிர்வு, ஒரு முறை அதிர 14. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! அறை வெப்பநிலையில் சராசரி ஹைட்ரஜனுக்கு அதே தூரத்துக்கு 120 ஆகும். அதற்குள் மூலக்கூறு எட்டு முறை அதிர்ந்து, நெருங்கி வந்ததற்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் வாங்காமல் விட்டுவிடும். வீணைத் தந்தியை மெதுவாக அழுத்தி விட்டால் சத்தம் வராது, சுண்டினால் வரும் இல்லையா, அதே கதை. அப்புறம், அடி பட்ட மூலக்கூறுகள் அறை வெப்பநிலையில் இருப்பதைவிடப் பலமாகச் சுழன்றன. மூலக்கூறின் ஓரத்து ஆக்சிஜனில் பட்டால் அது சுழலத்தானே செய்யும். ஆனாலும் ஒவ்வொரு மோதலிலும் எல்லா ஆற்றலும் போய்விடுவதில்லை. பெரும்பாலான மோதல்கள் உரசிக்கொண்டு போகிறவைதான்.

சில மோதல்களில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனையே பிடுங்கிப் போகும். ஹைட்ராக்சிலும் (OH) கார்பன் மோனாக்சைடும் மிஞ்சும். இதற்கு 1.1 எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குச் செலவு. இதே வினை தலைகீழாக நடப்பதுதான் நம் காற்றில் கார்பன் மோனாக்சைடைத் தீர்த்துக்கட்டுகிறது.

இதே ஜோடி செவ்வாயிலும் மோதுகிறது, ஆனால் அங்கே வேகம் வேறு. சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்றின் புரோட்டான் செவ்வாயைச் சூழ்ந்த ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, மின்னூட்டமற்ற அணுவாகிவிடும். காந்தப்புலம் அதைத் திருப்ப முடியாது. விநாடிக்கு 400 கிலோமீட்டர் என்றால் 800 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல். அது கார்பன் டை ஆக்சைடில் இடிக்கும்போது வெறும் அதிர்வோடு நிற்காது, ஹைட்ரஜனின் எலக்ட்ரானே கிளர்ச்சியடைந்து 121.6 நானோமீட்டரில் ஒளிர்கிறது. செவ்வாயைச் சுற்றிய நாசாவின் மேவன் விண்கலம் கண்ட இந்தப் புரோட்டான் துருவ ஒளியைப் பற்றி 2018-இல் கட்டுரை வந்தது. துருவ ஒளி என்று பெயர், ஆனால் வருவதோ பகல் பக்கத்தில். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லி என்ன பயன்!

உன் பழைய நோட்டில் உந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, 45-இல் 44 சரியா என்று எழுது. கல்யாணத் தேதி குறித்ததும் முதலில் எனக்குச் சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்