போனை வாங்காமல் சொல்லித்தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு லைஃப் சர்டிபிகேட் (உயிருடன் இருப்பதற்கான ஆண்டுச் சான்றிதழ்) முகாம்கள் தொடங்கிவிடும். 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபரிலேயே. உதவிக்கு வரும் தன்னார்வ மாணவர்கள் பெரியவரின் போனை வாங்கி, சான்றிதழை அதிலேயே விறுவிறுவென்று முடித்துத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே பெரியவர் அதே வரிசையில் நிற்கிறார். போன் அவர் கையிலேயே இருக்கும்படி சொல்லித்தர வேண்டும்.

பலர் தடுமாறுவது விரலில்தான். வயதானால் விரல்நுனி உலர்ந்துபோய், தொடுதிரை தொடுதலை உணராது. உடனே அழுத்திப் பிடிப்பார்கள். போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ள, ஐகான் இடம் மாறும், சமயத்தில் காணாமலே போகும். ஈரத்துணியில் விரலைத் துடைத்தாலே பாதி சரியாகும். செட்டிங்ஸில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிவைக்கலாம். எழுத்தளவை இரண்டு படி உயர்த்தினால் போதும். உச்சத்துக்குக் கொண்டுபோனால் சில செயலிகளில் 'சமர்ப்பி' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும்.

சான்றிதழுக்கு இரண்டு செயலிகள் வேண்டும்: சான்றிதழைச் சமர்ப்பிக்க ஜீவன் பிரமாண், முகத்தைச் சரிபார்க்க ஆதார் ஃபேஸ் ஆர்டி. இரண்டாவதற்குத் திரையில் ஐகானே வராது. "இறங்கவில்லை" என்று நினைத்து மறுபடி மறுபடி தேடுவார்கள். இறங்கியிருப்பதைப் பிளே ஸ்டோரில் காட்டிவிடுங்கள். ஜீவன் பிரமாண் முதலில் 'ஆப்பரேட்டர்' (செயலியை இயக்குபவர்) பதிவு கேட்கும். ஓய்வூதியரே ஆப்பரேட்டராக இருக்கலாம். அதற்கு ஒருமுறை, சான்றிதழுக்கு ஒருமுறை என முகம் காட்ட வேண்டும் என்பதை முன்பே சொன்னால் பதறமாட்டார்கள். முகம் பதியவில்லை என்றால், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாரா பாருங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கேமராவில் எண்ணெயோ விபூதியோ ஒட்டியிருக்கும், துடையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, போனைக் கண்மட்டத்தில் பிடித்து, நிதானமாக இமைக்கச் சொல்லுங்கள்.

பிபிஓ எண்ணையும் (ஓய்வூதிய ஆணை எண்) வங்கிக் கணக்கு எண்ணையும் வீட்டிலேயே தாளில் எழுதி வரட்டும். ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தைப் பட்டியலில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சான்றிதழ் நிராகரிக்கப்படும். சான்றிதழுக்கான பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வந்ததும் எல்லாம் முடிந்ததாக நினைக்கிறார்கள். அது சமர்ப்பித்ததற்கான அடையாளம் மட்டுமே. ஏற்கப்பட்டதா என்று பிறகு பார்க்க வேண்டும்.

கிளை நூலகங்களில் செப்டம்பரிலேயே வாரம் ஒரு மணி நேரம், இருவருக்கு ஒரு தன்னார்வலர் என்று நடத்தினால் இத்தனைக்கும் நேரம் கிடைக்கும். நவம்பர் நெரிசலில் கிடைக்காது.

ஒன்றை மட்டும் முகாமில் யாரும் செய்ய வேண்டாம்: "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க தாத்தா" என்று கேட்பது. அன்பாகக் கேட்ட பிள்ளையிடம் சொல்லிப் பழகியவர், நாளை "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்பவனிடமும் சொல்லிவிடுவார். எதற்காக வந்த எண் என்று குறுஞ்செய்தியை அவரே படிக்கட்டும், அவரே தட்டட்டும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையில்லை என்பதையும் அங்கேயே சொல்லி, பணமோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அவர் கையாலேயே சேமிக்க வையுங்கள்.

இப்படிக்கு,
முதியோருக்கு செல்போன் கற்றுத்தரும் தன்னார்வலர்கள்,
மதுரை.