ஆமாம்டா, ராப்தான்

அன்புள்ள மச்சான்,

பதில் எழுத இவ்வளவு நாளாக்கிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. "நிஜமாகவே நீதான் பாடியிருக்கிறாயா, இல்லை உன் குரலை வைத்து யாராவது ஏஐயில் ஏதாவது பண்ணிவிட்டார்களா" என்று கேட்டிருந்தாய். ஆமாம் என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் பெஞ்சில் நீ தாளம் போட, நான் வாய்க்கு வந்ததைக் கத்த, மொத்த வகுப்பும் நம்மைத் திட்டிய காலத்திலிருந்து இந்தப் பைத்தியத்தைத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். உனக்கே முழுசாகச் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நானேதான் பாடியிருக்கிறேன். ராப்தான். ஒரு பாட்டு வெளியே வந்துவிட்டது, இரண்டாவது பாட்டு பாதியில் நிற்கிறது. வேலையை விடவில்லை, விடுகிற எண்ணமும் இல்லை. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். இவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், "இத்தனை வருஷமாக பாத்ரூமுக்குள்ளே கேட்டதுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பெரியவள்தான் கறாரான ஆள். முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "அப்பா, நியூஸ் வாசிக்கிறவருக்கு பஸ் கிளம்பிடுச்சு போல இருக்கு" என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எனக்கு இதுவரை கிடைத்த விமர்சனத்திலேயே உருப்படியானது அதுதான்.

ஏன் என்றால், நமக்கு அப்போது ராப் என்றால் வேகம், அவ்வளவுதானே. 1994-இல் காதலன் வந்தபோது பேட்டை ராப்பை யார் மூச்சு விடாமல் சொல்வது என்பதுதான் பந்தயம். என்ன சொல்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. அந்த வயசுக் கனவை எடுத்துப் பார்த்தால் அதில் மேடை இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. இப்போது உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் தெரிகிறது, வேகமாகச் சொல்வது இந்தத் தொழிலில் சுலபமான பகுதிகளில் ஒன்று. நிதானமாகச் சொல்லும்போதுதான் நம் வண்டவாளம் வெளியே வருகிறது.

கணக்கைச் சொல்கிறேன் கேள். 90 பிபிஎம் பீட், அதாவது நிமிஷத்துக்கு 90 தட்டு விழுகிற பின்னணித் தாளம், என்று வைத்துக்கொள். நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார், அது சுமார் 2.7 வினாடி. 16 பார் சேர்ந்து ஒரு வெர்ஸ் என்றால் மொத்தம் 43 வினாடிக்குப் பக்கம். அந்த 43 வினாடிக்குள் எங்கெங்கே மூச்சு வாங்குவது என்பதைப் பாடும்போது யோசித்தால் காரியம் கெட்டது, எழுதும்போதே முடிவு பண்ணியாக வேண்டும். ஸ்டுடியோவில் மூச்சு போன இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து மறுபடி பாடி ஒட்டவைத்துக்கொள்ளலாம், பஞ்ச் இன் என்பார்கள். மேடையில் அதெல்லாம் நடக்காது. என் தாளைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும், வரிக்கு வரி சிவப்புப் பேனாவால் சாய்கோடு போட்டிருக்கிறேன், கோடு இருக்கிற இடத்தில் மூச்சு. வயிற்றிலிருந்து வாங்க வேண்டும், தோள் மேலே ஏறினால் அது அரை மூச்சு. மாடிப்படி ஏறிக்கொண்டே வெர்ஸைச் சொல்லிப் பார்ப்பேன், மேலே போய்ச் சேரும்போது வரியின் கடைசிச் சொல் காற்றாகப் போய்விட்டால் அந்த வரியில் இரண்டு அசையை வெட்டுவேன். எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும் சரி. அமெரிக்க ராப்பர் ராகிம் சாக்ஸபோன் வாசித்து வளர்ந்தவர் என்று படித்தபோது முன்பெல்லாம் அது ஒரு துணுக்குச் செய்தியாகத்தான் பட்டது. இப்போது அவர் வரி ஏன் தாளத்தின் மேல் அப்படிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது என்பது புரிகிறது. ஊதுகிறவனுக்கு மூச்சுதான் வாக்கியம்.

அப்புறம் தமிழ். இதைப் பேச இங்கே எனக்கு ஆளே இல்லை, அதனால் நீதான் மாட்டினாய்.

ஆங்கில ராப்பைக் கேட்டு வளர்ந்துவிட்டு தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் நாளே ஒரு சந்தோஷம் வரும், வரி முடிவு சும்மா கொட்டுகிறதே என்று. வந்தேன், நின்றேன், சொன்னேன், வென்றேன். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, அதன் வால் எல்லா வரியிலும் ஒன்றேதான், எனவே இயைபு இலவசம். இலவசமாகக் கிடைப்பதால்தான் அதற்கு மதிப்பே இல்லை. நாலு வரி போனால் கேட்கிறவன் காது தூங்கிவிடும், அடுத்து என்ன சத்தம் வரப்போகிறது என்று அவனுக்கே தெரியும். அதனால் வினையைத் தூக்கி நடுவில் போட்டுவிட்டு பெயர்ச்சொல்லில் முடிக்கப் பழகுகிறேன். எதுகையை, நம் தமிழையா மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தாரே, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது, அதை வரியின் தலையில் வைக்கிறேன். முதல் தட்டிலேயே அது விழும்போது பீட்டோடு சேர்ந்து இன்னொரு அடி விழுகிற மாதிரி கேட்கிறது. இரண்டாவது பாட்டிலிருந்து இரண்டு வரி:

அடக்கி வச்ச பேச்செல்லாம் தொண்டைக்குள்ள முள்ளு
தொடக்கமே லேட்டுன்னா முடிவ நீயா சொல்லு

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார், தலையிலும் வாலிலும் பிடி இருக்கும்.

இன்னொரு தலைவலி குறில் நெடில். ஆங்கிலத்தில் அழுத்தத்தை வைத்து ஆடலாம், ஒரு அசையை இழுத்தால் ஸ்டைல் என்று போய்விடும். நம்மிடம் இழுத்தால் சொல்லே மாறிவிடுகிறது, வரம் வாரமாகிவிடும், கல் காலாகிவிடும். பலர் தமிழ் ராப் பாடும்போது ஒரு மாதிரி வெளியூர் வாடை அடிக்கிறதே, பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆங்கில ஃப்ளோவை, அதாவது அங்கே வரி ஓடுகிற விதத்தை, முதலில் மனசில் வைத்துக்கொண்டு தமிழை அதற்குள் திணிக்கிறார்கள், நெடிலெல்லாம் நசுங்கிப்போகிறது. நான் இப்போது தத்தகாரத்தில்தான் ஆரம்பிக்கிறேன். சொல்லே இல்லாமல் தன்னத் தனதன தானானா என்று பீட்டின் மேல் முனகிப் பதிவு பண்ணிக்கொள்வேன், பிறகு தானாவுக்கு நெடில், தனவுக்குக் குறில் என்று சொல் தேடுவேன். இசையமைப்பாளர் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். அமெரிக்க ராப்பர்கள் பலரும் இப்படித்தான் முனகிவிட்டுப் பிறகு வார்த்தை போடுகிறார்கள். உடனே அருணகிரிநாதர்தான் உலகின் முதல் ராப்பர் என்று ஆரம்பித்துவிடாதே, அந்த ஃபார்வர்ட் மெசேஜைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்புகழின் சந்தத்தை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் கற்றுக்கொள்ள எக்கச்சக்கமாக இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பட்டம் கொடுப்பதில் என்ன பிரயோசனம்?

வயசைப் பற்றிக் கேட்டிருந்தாய், நேரடியாகக் கேட்காமல் "இப்போது போய் ஏன்" என்று நாகரிகமாகக் கேட்டிருந்தாய். அமெரிக்க ராப்பர் ஜே-ஸியின் முதல் ஆல்பம் 1996-இல், அப்போது அவருக்கு 26. அதுவே அந்த உலகத்தில் லேட். 2 செயின்ஸ் என்ற இன்னொரு ராப்பரின் முதல் தனி ஆல்பம் 2012-இல், 34 வயசில். நாம் அதையும் தாண்டிவிட்டோம், அதனால் உதாரணம் காட்டி உன்னை ஏமாற்றப் போவதில்லை. புகழ்பெற்ற ராப்பராக வரும் வயசு எனக்குப் போய்விட்டது, அதில் வருத்தமும் இல்லை. ஆனால் ராப்பர் ஆண்ட்ரே 3000, 2023-இல் புல்லாங்குழல் ஆல்பம் ஒன்று போட்டாரே, ஏன் ராப் இல்லை என்று கேட்டதற்கு, 48 வயசில் எதைப் பாடுவது, கொலோனோஸ்கோபி பண்ணிக்கொள்ளப் போவதையா, கண் மங்குவதையா என்கிற மாதிரி பதில் சொன்னார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அங்கே எனக்கு உடன்பாடில்லை. கண் மங்குவதைப் பாடினால் என்ன? பாடுங்கள் சார், நாங்கள் கேட்கிறோம். 2017-இல் ஜே-ஸி 47 வயசில் 4:44 என்ற ஆல்பத்தைப் போட்டார். மனைவிக்குச் செய்த துரோகம், அம்மாவைப் பற்றிய உண்மை, பணத்தை வீணாக்கியது என்று எல்லாம் அதில் இருக்கிறது. 26 வயசில் அவரால் அதை எழுதியிருக்க முடியாது. என் முதல் பாட்டு மருத்துவமனைக் காத்திருப்பு அறையைப் பற்றியது, கேட்டாயல்லவா. பெயர் கூப்பிடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிற அந்த இடம் உனக்குப் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாய். அது பதினாறு வயசில் எனக்கு வந்திருக்காதுடா, அப்போது வந்திருந்தால் கார் பற்றித்தான் பாட்டு. காரே இல்லாமல்.

சரி, பணம். நீ கணக்குப் பார்க்கிறவன், இதைத்தான் முதலில் கேட்டிருப்பாய், மரியாதைக்காகக் கடைசியில் வைத்திருந்தாய்.

பணம் இல்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி, கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பதிவுக்கு ஒரு பைசா கணக்கில் ஏறாது. நம் மாதிரி ஆட்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். ஓடினாலும், ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது, பதிவு ஒன்று, எழுத்தும் மெட்டும் இன்னொன்று. பாட்டை ஏற்றிவிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் கொடுப்பது பதிவுக்கான பங்கை. எழுதினவனுக்கு உள்ள பங்கு வேறு வழியில், உரிமைச் சங்கத்தில் பதிவு செய்திருந்தால்தான் வரும். பாடுகிற பையன்கள் பாதிப் பேருக்கு இந்த இரண்டாவது சொத்து இருப்பதே தெரியவில்லை. வேலையை விடாததற்கு இதுமட்டும் காரணமில்லை. வாடகை இந்தப் பாட்டிலிருந்து வர வேண்டும் என்று ஆகிவிட்டால் நான் மறுபடி கார் பாட்டு எழுத ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

எழுதினவன் பங்கு என்றதும் ஒரு கதை. 1979-இல் வந்து உலகம் பூரா ஓடிய முதல் ராப் ஹிட் ராப்பர்ஸ் டிலைட். அதைப் பாடிய சுகர்ஹில் கேங் குழுவில் பிக் பேங்க் ஹாங்க் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வேறொரு ராப்பரின் நோட்டிலிருந்து எடுத்தவை. காஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. கொடுமை என்னவென்றால், காஸ் முன்பு வைத்திருந்த கேஸனோவா ஃப்ளை என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்கிற வரியையும் ஹாங்க் அப்படியே பாடிவைத்திருக்கிறார். அடுத்தவன் பெயரையே தன் பெயராகச் சொல்லி ஹிட் கொடுத்த பாட்டிலிருந்து ஆரம்பித்த தொழில் இது. அதனால் கையெழுத்து விஷயத்தில் எனக்கு இப்போது பயம் ஜாஸ்தி.

அங்கேதான் நீ வேண்டும். இரண்டாவது பாட்டுக்கு ஒரு பீட் பிடித்திருக்கிறது, லீஸ் போட்டு எடுக்கப் பார்க்கிறேன். லீஸ் என்றால் பீட் நமக்குச் சொந்தமில்லை, அதே பீட்டை இன்னும் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், இத்தனை தடவை ஓடினால் புதுப்பிக்க வேண்டும் என்று வரம்பும் உண்டு. அது பரவாயில்லை, விலையும் அதற்கேற்ற மாதிரிதான். ஆனால் ஒப்பந்தத்தில் எழுத்துப் பங்கிலும் பாதி பீட் போட்டவருக்கு என்று ஒரு வரி இருக்கிறது. மெட்டும் தாளமும் அவருடையது என்பதால் பாதி கேட்பது வழக்கம்தான் என்கிறார்கள். அதற்குக் கீழே, பின்னால் வேறு பீட்டில் இந்த வரிகளைப் பாடினாலும் அந்தப் பாதி தொடரும் என்கிற அர்த்தத்தில் ஒன்று இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. மூன்று தடவை படித்தாலும் தலை சுற்றுகிறது. இதோடு இணைத்திருக்கிறேன், ஒப்பந்தம் படிப்பதுதானே உன் பிழைப்பு, பார்த்துச் சொல்.

அப்படியே உன் கதைக்கும் வருகிறேன். லேப்டாப்பில் பீட் போடுகிற சாஃப்ட்வேரை இறக்கி, திறந்து, பயந்துபோய் மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே. ஹிப்ஹாப்பின் அடித்தளமான 808 டிரம் மெஷினை ரோலண்ட் கம்பெனி 1980-இல் கொண்டுவந்தபோது சத்தம் நிஜ டிரம் மாதிரி இல்லை என்று முகம் சுளித்தார்கள், 1983-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக மலிவாகக் கிடைத்ததால்தான் அது கைக்காசு இல்லாத பையன்களிடம் போய்ச் சேர்ந்தது. உன் லேப்டாப்பில் அதைவிட நூறு மடங்கு இருக்கிறது. எல்லாவற்றையும் தொடாதே. கிக், ஸ்னேர், ஹைஹாட் என்ற மூன்று டிரம் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீ பெஞ்சில் தட்டுகிற அந்தத் தாளத்தை, மூன்றாவது தட்டு கொஞ்சம் தாமதமாக விழுமே, அதை அப்படியே போடு. கட்டத்துக்குள் நேராக்கித் தருகிறேன் என்று சாஃப்ட்வேர் கேட்கும், க்வான்டைஸ் என்று பெயர், வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தத் தாமதம் போனால் அது நீ போட்ட தாளமே இல்லை.

90 பிபிஎம், நாலு பார் போதும். ஒப்பந்தத்துக்கான பதிலை முதலில் அனுப்பு, அவர் இந்த மாதக் கடைசி வரைதான் பீட்டை எனக்காக வைத்திருப்பார். அதற்குள் நீ ஒன்று போட்டு அனுப்பினால் அந்த ஒப்பந்தமே தேவைப்படாமலும் போகலாம், பங்கு பிரிக்கிற சண்டையை நாம் நேரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி