வலது இறக்கைக்குள் ஃபோம் இல்லை: உங்கள் பழுதுபார்ப்புப் பிரிவின் மீது புகார்

கோயம்புத்தூர்
24.06.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: எஞ்சின் இல்லாத மாதிரி விமானமான மூன்று மீட்டர் கிளைடரின் வலது ஃபைபர்கிளாஸ் இறக்கையைப் பழுதுபார்த்ததில் ஏற்பட்ட சேவைக் குறைபாடு.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். ஜனவரி 20ஆம் தேதி நான் உங்களிடம் நேரில் ஒப்படைத்த வலது இறக்கை, ஜூன் 12ஆம் தேதி பார்சலில் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததுமே நெடி மூக்கில் ஏறியது. இந்த வேலைக்குரிய எபாக்சிப் பசைக்கு அந்த நெடி கிடையாது. தண்ணீர்த் தொட்டியும் குளியலறைக் கதவும் செய்கிற பட்டறைகளைக் கடந்துபோன எவருக்கும் தெரியும், அது பாலியெஸ்டர் ரெசின். ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். தகர டப்பா மூடியைப் போல 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வெறும் பானையைத் தட்டுகிற ஓசைதான் வந்தது. உள்ளே ஃபோம் இல்லை. கரைந்துபோய்விட்டது.

நீங்கள் செய்த பொருள் இது, உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த இறக்கைக்குள் இருப்பது தெர்மாகோல் வகை வெள்ளை ஃபோம். அதன் மேல் எபாக்சியில் ஒட்டிய கண்ணாடி இழைத் துணி. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது, அது பட்டால் தெர்மாகோல் வெல்லப்பாகு போல உருகிப்போகும். உங்கள் கையேட்டின் 11ஆம் பக்கத்தில் நீங்களே கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறீர்கள்: எபாக்சி மட்டும் பயன்படுத்தவும் என்று. வாங்கிய நான் அதைப் படித்திருக்கிறேன். உங்கள் பட்டறையில் ஒருவர்கூடவா படிக்கவில்லை?

ஆனால் அதற்கு முன் மார்ச் 18ஆம் தேதியைப் பற்றி எழுதியாக வேண்டும். அதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

"இறக்கை தயார், வந்து எடுத்துச் செல்லுங்கள்" என்று உங்கள் அலுவலகத்திலிருந்துதான் தொலைபேசியில் சொன்னார்கள். நானாகக் கற்பனை செய்துகொண்டு வரவில்லை. 17ஆம் தேதி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். இறக்கையைச் சுற்றி எடுத்துவர இரண்டு போர்வைகளும் கயிறும் பையில் இருந்தன. காலையில் சென்ட்ரலில் இறங்கி, புறநகர் ரயில் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, பத்து மணிக்கு உங்கள் வாசலில் நின்றேன். பிற்பகல் 1.40 வரை, அதாவது உங்கள் ஊழியர்கள் மதிய உணவை முடித்துக் கைகழுவும் வரை, யாரும் என்னிடம் பேசவில்லை. பிறகு சர்வீஸ் மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லையே" என்றார்.

இறக்கையையாவது கண்ணால் பார்க்கிறேன் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. உள்ளேயிருந்து கொண்டுவந்து மேசைமேல் போட்டார்கள். அடிப்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. அந்த ஊழியர் தன் தேநீர்க் குவளையை எடுத்து அதன் மேல் வைத்தார். என் கண்ணெதிரே வைத்தார். "ஐயா, அதை எடுங்கள்" என்றேன். "ஒரு பொம்மைக்காகவா கோயம்புத்தூரிலிருந்து வந்தீர்கள்? பேரனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு வயது 61. ஒரு பஞ்சாலையில் 36 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ரூ.58,000 கொடுத்து உங்களிடம் இந்தக் கிளைடரை வாங்கினேன். ஃபிட்டர் வேலையில் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பொருளின் மேல் தேநீர் வைத்தால் மேஸ்திரி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உங்கள் நிறுவனத்தில் அதற்கு என்ன நடவடிக்கை என்று அறிய விரும்புகிறேன்.

இறக்கைக்கு நேர்ந்த சேதம் என்ன என்பது உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. ஜனவரி 12ஆம் தேதி கிணத்துக்கடவு பக்கம் ஒரு தரிசு நிலத்தில் இறக்கும்போது வேலிக்கல்லில் இடித்தது. முன்விளிம்பில் ஏழு சென்டிமீட்டர் நசுங்கல், மேல்தோலில் விரல்நீள விரிசல். அவ்வளவுதான். இறக்கைக்கு முதுகெலும்பான கார்பன் ஸ்பாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் தாங்கல் வைத்து வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன். விரிசலைச் சுற்றிச் சாய்வாகத் தேய்த்து, சதுர மீட்டருக்கு 49 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியில் இரண்டு அடுக்கை 45 பாகைக் கோணத்தில் போட்டு, எபாக்சியைத் தராசில் நிறுத்துக் கலந்து, ஒரு நாள் வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நானே செய்திருப்பேன். "முன்விளிம்பின் வளைவுக்கான அச்சும் வாக்குவம் பம்பும் எங்களிடம் இருக்கின்றன, வீட்டில் செய்தால் வடிவம் கெட்டுவிடும்" என்று உங்கள் விற்பனைப் பிரிவு சொன்னதை நம்பித்தான் கொண்டுவந்தேன். வந்த ரயிலில் மேல் பெர்த்தில் இறக்கையைச் சுவரோரம் படுக்கவைத்துவிட்டு, நான் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தே வந்தேன்.

நீங்கள் செய்தது என்ன? தொட்டிக்குப் போடுகிற, நெய்யாத கண்ணாடி இழை விரிப்பை (மேட்) போட்டிருக்கிறீர்கள். ஓரத்தில் பிரிந்து நின்ற இழைகளைப் பார்த்தேன், துணியின் நெசவே அதில் இல்லை. அதற்கு மேல் கார்ப் பட்டறையில் பார்க்கிற பட்டி. வாங்கியபோது இரண்டு இறக்கைகளும் ஒவ்வொன்றும் 612 கிராம் இருந்தன. இப்போது வலது 704. அந்த இரண்டடுக்குத் துணிக்கு மூன்று கிராம், அதே அளவு எபாக்சி, நிரப்பத் துளி மைக்ரோபலூன் பொடி. எல்லாம் சேர்த்தாலும் 15 கிராமைத் தாண்டாது. 92 கிராம் எங்கிருந்து வந்தது? இதைச் சமன் செய்ய இடது இறக்கையில் ஈயம் கட்டுங்கள் என்று ஜூன் 16ஆம் தேதி தொலைபேசியில் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அவர் உங்கள் தொழில்நுட்பப் பிரிவாம்.

எடைகூடப் போகட்டும். கயிற்றில் இழுத்து ஏற்றும்போது இறக்கை மேல்நோக்கி வளையும், மேல்தோல் அமுக்கத்துக்கு உள்ளாகும். அந்தத் தோலை மடங்காமல் தாங்குவது அடியிலிருக்கும் ஃபோம்தான். அது இல்லாவிட்டால் தோல் சுருங்கி மடங்கும், இறக்கை நடுவானில் ஒடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். இரண்டு கிலோ எடை அவர்கள் தலையில் விழுந்திருந்தால்? நாணயத்தால் தட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லாதிருந்தால் ஜூன் 15ஆம் தேதி அதைப் பறக்க விட்டிருப்பேன். உங்கள் பட்டறையில் நடந்தது கொலைக்குச் சமமான அலட்சியம் என்று சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

மூன்று வாரத்தில் தருவதாக எழுதிக் கொடுத்தீர்கள், ஐந்து மாதம் ஆக்கினீர்கள். மாசியும் பங்குனியும் போயின. கொங்கு நாட்டில் வெப்பக் காற்று எழும்பும் காலம் அதுதான். பருந்து வட்டமிடும் இடத்தைப் பார்த்துக் கிளைடரைக் கொண்டுபோனால் அதுவும் பருந்தோடு சேர்ந்து ஏறும். இப்போது பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வீசத் தொடங்கிவிட்டது, ஆடி கழியும் வரை ஒன்றும் செய்ய முடியாது. ஓர் ஆண்டு போனது. இந்த வயதில் ஓர் ஆண்டை யாரிடம் கேட்டு வாங்குவேன்? கால் ஒடிந்த பிள்ளையை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்தவனைப் போல ஐந்து மாதம் இருந்தேன். கடைசியில் காலையே எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை இல்லை. கிளைடர் நல்ல கிளைடர். அதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

உடைந்த இறக்கைக்குப் பதிலாகப் புதிய வலது இறக்கை வேண்டும். எடை இடது இறக்கையிலிருந்து ஐந்து கிராமுக்கு மேல் மாறக்கூடாது. பழுதுபார்க்கும் கூலியாக வாங்கிய ரூ.6,850ஐயும், மார்ச் மாதப் பயணச் செலவையும் திருப்பித் தர வேண்டும். சர்வீஸ் மேசையில் இருந்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதைத் தட்டச்சு செய்யப்பட்ட பொதுவான கடிதமாக ஏற்கமாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதன் பிறகு கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இனி சென்னைக்கு ரயில் ஏற வேண்டியவன் நான் இல்லை.

இறக்கையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். ஒட்டுக்கு நான்கு விரல் தள்ளி ஒரு பழுப்பு வட்டம் தெரியும். அது அந்தத் தேநீர்க் குவளையின் அடி. அதைத் துடைக்காமலே மேலே லேக்கர் அடித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்