பழுதான டெவலப்பர் பவுடர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் நான் வாங்கிய, பிலிம் கழுவிப் படத்தைத் தெரியவைக்கும் டி-76 வகை டெவலப்பர் பவுடர் பழுதானது. இந்த ஒரு வரியை உங்களுக்கு விளங்கவைக்கத் தொலைபேசி, மின்னஞ்சல், நேர் என்று அலைந்து களைத்துப்போனேன். அதனால்தான் இப்போது பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

பைக்கற்றில் போட்டிருந்த காலாவதித் திகதிக்கு இன்னும் நிறையக் காலம் இருந்தது. வெட்டிப் பார்த்தால் வெள்ளைப் பவுடர் இல்லை. மண்ணிறத்தில் கட்டிபட்டுக் கிடந்தது. சுடுநீரில் கரைத்ததும் சாயம் கூடிய தேத்தண்ணி மாதிரி வந்தது. பிலிமில் கை வைக்க முன்பே உங்கள் சேவை இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டேன். "அது அப்படித்தான் இருக்கும், பயப்படாமல் பாவியுங்கோ" என்றார் உங்கள் பிரதிநிதி. விற்கிறவர்களுக்குத் தங்கள் பொருள் தெரியாமலா இருக்கும்? நம்பிக் கழுவினேன்.

36 படங்களும் போய்விட்டன. அவை இணுவிலில் ஒரு முதிய தவில் வித்துவானை எடுத்த படங்கள். யன்னல் வெளிச்சத்தில் இருத்தி, தவில் வாசிக்கும்போது போடும் கூடுகளை வலது கை விரல்களில் மாட்டச் சொல்லி, அந்தக் கையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கவைத்து எடுத்தேன். கூடுகளின் சொரசொரப்பும் அவர் கன்னத்துச் சுருக்கமும் ஒரே வெளிச்சத்தில் விழ வேண்டும் என்று ஒரு பின்னேரம் முழுக்கப் பொறுமையாக இருந்தார். அவர் இப்போது மகனோடு லண்டனில் இருக்கிறார். இனி வரமாட்டார். எனது ஆயுட்கால உழைப்பையே உங்கள் ஒரு பைக்கற் நாசமாக்கிவிட்டது.

தொட்டியில் இருந்து எடுத்த பிலிமில் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் தொழிற்சாலையிலேயே பதித்து வரும் எழுத்துகளும் இலக்கங்களும்கூட இல்லை. கமராவில் பிழை என்றால் படம் மட்டும்தான் விழாது, ஓர எழுத்து தெரியும். வெளிச்சம் பட்டிருந்தால் பிலிம் கறுத்திருக்கும். எழுத்தும் சேர்ந்து காணாமல் போனால் டெவலப்பர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே!

அப்புறம் உங்கள் சேவை இலக்கத்துக்குத் திரும்ப அழைத்தேன், அதே பிரதிநிதிதான் பேசினார். "அப்படித்தான் இருக்கும்" என்று தான் சொல்லவே இல்லையாம். யாழ்ப்பாண வெயில்தான் காரணமாம். ஐயா, கிணற்றுத் தண்ணீருக்குள் ஐஸ் போட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து 20 பாகைக்கு இறக்கித்தான் கழுவுகிறேன். அதோடு டெவலப்பர் சூடாக இருந்தால் படம் கடுமையாகும், அழியாது. அடுத்ததாக, "மலிவு பிலிம் போட்டால் இப்படித்தான்" என்றார். நான் போட்டது கென்ட்மியர் 400. விலை குறைவுதான், ஆனால் இங்கிலாந்தில் இல்ஃபோர்ட் பிலிம் செய்கிற அதே ஹார்மன் நிறுவனம்தான் அதையும் செய்கிறது. கடைசியில் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "இந்தக் காலத்தில ஆர் வீட்டில பிலிம் கழுவுறது? போனில எடுத்திருக்கலாம்தானே." சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்படியென்றால் டெவலப்பரை ஏன் விற்கிறீர்கள்?

நீங்கள் கேட்பதற்கு முன்பே சோதனையும் செய்துவிட்டேன். வெட்டி வைத்திருந்த பிலிம் நுனி, அதாவது கமராவில் மாட்டும்போதே வெளிச்சம் பட்ட துண்டு, நல்ல டெவலப்பரில் சில நிமிடத்துக்குள் கறுத்துவிடும். உங்களுடையதில் நெடுநேரம் கிடந்தும் நிறம் மாறவில்லை. நண்பர் ஒருவரின் டெவலப்பரில் மற்றப் பாதியைப் போட்டேன், கறுத்துவிட்டது. இரண்டு துண்டுகளின் படங்களையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

கொழும்புக்கு நேரில் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். இரவு பஸ்ஸில் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர், மிச்சப் பவுடரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரசாயனப் பிரிவு புதன்கிழமையில் மட்டும்தான் முறைப்பாடு எடுக்குமாம். அன்றைக்கு வியாழன். "தபாலில அனுப்பியிருக்கலாமே" என்று வரவேற்பில் இருந்தவர் சொன்னார். ஒரு கதிரைகூடக் காட்டவில்லை.

நான் சண்டைக்காரன் இல்லை. பல வருடங்களாக உங்கள் கடையில்தான் பிலிமும் ஃபிக்ஸரும் வாங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் இவற்றை வைத்திருப்பதற்கு உங்களுக்கு நன்றியுடையவன்தான். தயவுசெய்து பவுடரின் விலையையும் பிலிமின் விலையையும் திருப்பித் தாருங்கள். கிளையில் மிச்சம் இருக்கும் அதே தொகுதிப் பைக்கற்றுகளை எடுத்துவிடுங்கள்; எங்கள் பக்கம் கழுவப் பழகுகிற பிள்ளைகள் அதைத்தான் வாங்குகிறார்கள். அந்தப் பிரதிநிதி எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எல்லாம் போகும்: பற்றுச்சீட்டு, பைக்கற், வெறும் பிலிம், நான் தொலைபேசி எடுத்த நேரங்கள் உட்பட. இது வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம்.

மிச்சப் பவுடரைப் போத்தலில் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணக் கிளையில் இருந்து யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்கள். நான் இனிக் கொண்டுவரமாட்டேன்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
இணுவில்.