பெயர் தெரியாத ஆச்சிகள்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய வம்சாவளிப் படத்தைத் தங்கை பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆண்பிள்ளைகள் வரிசையை மேலிருந்து கீழே வாசித்துப் பூரித்துப்போனார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. தாத்தா, அவருக்கு அப்பா பூட்டன், அவருக்கும் அப்பா ஓட்டன் வரை ஆண்கள் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. பக்கத்துக் கட்டங்களில் தெரியாது, தெரியாது, தெரியாது என்று வரிசையாகப் போட்டிருக்கிறாய்.

பெயர் எழுதும் இடத்தில் 'தெரியாது' என்று எழுதாதே ஐயா. கணினி அதையே அவளுடைய பெயராக எடுத்துக்கொள்கிறது. இதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார், இருவரும் ஒரே ஆள்தானா என்று கேட்கிறது. தங்கை காட்டினாள், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீ இருக்கும் நாட்டில் பெயர் தெரியாது என்பதற்கு 'என்.என்.' என்று லத்தீன் மொழிச் சுருக்கத்தைப் போடுவார்கள் என்றாய். அதுவும் வேண்டாம். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடு. குறிப்பு எழுத இடம் இருக்கிறதே, அங்கே தெரிந்ததை எல்லாம் எழுது. தெரிந்தது கொஞ்சமல்ல.

உன் பூட்டனைப் பெற்றவளையே எடுத்துக்கொள். ஊரில் அவளை 'ஏரல்காரி' என்றுதான் சொல்வார்களாம். ஆகவே பிறந்த ஊர் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் அவள் கைக்குழந்தை என்று உன் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. அப்படியானால் 1876-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். படத்தில் இருக்கும் எத்தனை ஆண்களுக்கு இவ்வளவு நெருக்கமாகப் பிறந்த வருஷம் போட்டிருக்கிறாய்? 'சுமார்' என்று சேர்த்து எழுது. யார் வாய்மொழி என்பதையும் எழுது. தாத்தா கல்யாணத்து மொய் நோட்டில் ஏரல் என்ற தலைப்பின் கீழே ஒரு வகையறா இருக்கிறது. அவள் பிறந்த வீடு அதுவாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை விட்டுவிடாதே.

இவ்வளவு இருந்தும் நீ அவளைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேச்சியம்மாளை உட்கார வைத்திருக்கிறாய். எப்படி நேர்ந்தது என்று எனக்குப் புரிகிறது. 1913-ஆம் வருஷப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. பெயர் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவளையே தாயாக்கிவிட்டாய். பத்திரத்தை மறுபடி வாசி. 'மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான பேச்சியம்மாள்' என்றுதான் இருக்கிறது. உன் பூட்டன் அப்போது மைனர் இல்லை. அவரை 'மூத்த தாரத்து மகன்' என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. ஏரல்காரி மூத்தாள்; பிரசவத்தில் போய்விட்டாள். பேச்சியம்மாள் இளையாள். கணவன் இறந்து, பிள்ளைகள் சிறுவர்களாக இருந்ததால்தான் பத்திரத்துக்கு அவளுடைய பெயரும் கைநாட்டும் தேவைப்பட்டன. நம் வீட்டுப் பத்திரங்களில் பெண் பெயர் வரும் இடங்களைப் பார், பெரும்பாலும் தாலி அறுத்தவளாகத்தான் இருப்பாள். சுமங்கலியாகப் போனவளுக்குக் காகிதத்தில் இடம் இல்லை. பெயர் தெரிந்தவளைக் கொண்டு பெயர் தெரியாதவளை மூடாதே. பேச்சியம்மாள் வளர்த்த தாய். அதையும் எழுது, அது சின்ன விஷயம் இல்லை.

மூத்தாளுக்கு 'இசக்கியம்மாள்' என்று போடலாம் என்று தங்கை சொல்கிறாள். பூட்டனுடைய மூத்த மகளுக்கு அந்தப் பெயர். அப்பாவைப் பெற்றவள் பெயரைத்தானே வைப்பார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இந்தப் பக்கத்தில் இசக்கி என்பது அம்மன் பெயர், தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். ஊகத்தைக் குறிப்பில் ஊகம் என்றே எழுது. பெயர்க் கட்டத்தில் ஏற்றிவிட்டால் உன் பிள்ளைகள் காலத்தில் அது உண்மையாகிவிடும்.

பெயர்கள் எப்படித் தொலைந்தன என்று கேட்டாய். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் காரணம். உன் அக்காவுக்கு உன் ஆச்சியின் பெயர்தானே? நான் ஒரு நாளாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா? இன்றும் 'பாப்பா'தான். அவளுக்கே பேரன் பேத்தி எடுக்கும் வயது வரப்போகிறது. இப்படி இரண்டு தலைமுறை வாயை மூடிக்கொண்டால் பெயர் எங்கே நிற்கும்?

இன்னொருத்தியை நீ சேர்க்கவே இல்லை. நம் வீட்டுக் கன்னி. அரங்கு வீட்டுப் பரணில் இருக்கும் ஓலைப்பெட்டி உனக்கு நினைவிருக்கும். உள்ளே ஒரு சிற்றாடை, கண்ணாடி வளையல், ரிப்பன், கைக்கண்ணாடி. வருஷத்துக்கு ஒரு முறை பழைய சிற்றாடையை எடுத்துவிட்டுப் புதிது வைத்துக் கும்பிடுகிறோம். உன் அக்கா கல்யாணத்துக்கும் அவளுக்குப் படைத்த பிறகுதான் பந்தக்கால் நட்டோம். வயதுக்கு வரும் முன்பே போன பிள்ளை. பெயர் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் அக்கா என்று பெரியப்பா வீட்டில் சொல்கிறார்கள், பூட்டனின் தங்கை என்று சித்தப்பா சாதிக்கிறார். கீழே கிளை இல்லை என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது. கும்பிடுகிறவளைப் படத்தில் வைக்காமல் இருப்பது என்ன நியாயம்? ஓர் இடத்தில் சேர்த்து, மற்ற வீட்டுப் பேச்சையும் குறிப்பில் எழுது.

பெயர் வைக்கும் முன்பே போன பிள்ளைகளும் உண்டு. 'ஆண் குழந்தை' என்று போட்டாலே போதும். அரசாங்கப் பதிவேட்டிலும் பெயரில்லாமல்தானே பிறப்பைப் பதிகிறார்கள்? பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதன்பின் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டியும் பெயர் சேர்க்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். பெயர் இல்லாததால் பிறக்கவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

மொய் நோட்டைத் தங்கை படம் எடுத்து அனுப்புவாள். மை மங்கியிருக்கிறது, பெரிதாக்கிப் பார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குப் போன் செய்து கன்னியைப் பற்றிக் கேள். காது மந்தம், சத்தமாகப் பேசு. நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லிவிடாதே. வாய்க்கால் தகராறு இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
அம்மா